தரையில் மட்டும்தான் நிற்க முடியும்

விமானிப் பயிற்சிப் பள்ளி ஒன்றின் பராமரிப்புப் பிரிவில் பொறியியலாளராக இருக்கிறேன் என்றதும் உறவினர்கள் வழக்கமாக மூன்று கேள்விகள் கேட்பார்கள். "மேல போயிருக்கியா?" "எதாச்சும் விழுந்திருக்கா?" மூன்றாவது சம்பளத்தைப் பற்றியது. இந்த நான்கு ஆண்டுகளில் ஒருவர்கூடத் தரையைப் பற்றிக் கேட்டதில்லை. ஆனால் அடிபட்டு எங்கள் ஹேங்கருக்குள் வந்த விமானங்களில் பெரும்பாலானவை, அடிபட்ட நேரத்தில் பறந்துகொண்டிருக்கவில்லை. மனிதர் நடக்கும் வேகத்திலோ அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவோ தரையில் உருண்டுகொண்டிருந்தன. ஒன்றின் இறக்கை வேலிக்கம்பத்தில் உரசியிருக்கும். இன்னொன்று, நின்றுகொண்டிருந்த விமானத்தின் வாலைத் தட்டியிருக்கும்.

நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதை வரைக்கும், இறங்கிய பின் ஓடுபாதையிலிருந்து நிறுத்துமிடம் வரைக்கும் விமானம் தன் சொந்த எஞ்சின் பலத்தில் உருண்டு போவதை 'டாக்ஸி' என்பார்கள். அந்தச் சொல் நமக்கு வாடகைக் காரை நினைவுபடுத்துவதால் தரையோட்டம் என்றே எழுதுகிறேன். மாணவர்கள் முதல் நாளிலேயே செய்யத் தொடங்கும் வேலை இது. எல்லாரும் எளிது என்று நினைக்கும் வேலையும் இதுதான்.

எளிது என்ற நினைப்பு காரிலிருந்து வருகிறது. இந்த நாட்டில் பதினேழு வயதில் கார் லைசன் எடுத்துவிடலாம். அதற்கும் முன்பே அப்பாவின் மோட்டாரைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓட்டிப் பார்க்காதவர்கள் குறைவு. விமானத்தில் ஏறி உட்காரும் மாணவனுக்கு முன்னால் கார் ஸ்டியரிங் மாதிரியே ஒன்று இருக்கிறது. ஆனால் தரையில் அதைத் திருப்பினால் விமானம் திரும்பாது. இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் மடிப்புகள் மேலும் கீழும் ஆடும், அவ்வளவுதான். விமானத்தைத் திருப்புவது கால்கள். இடது மிதியை அழுத்தினால் மூக்குச் சக்கரம் இடப்பக்கம் திரும்பும், வலதை அழுத்தினால் வலப்பக்கம். அதே மிதிகளின் மேல்பகுதியை நுனிக்காலால் அமுக்கினால் பிரேக், அதுவும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாக. குதிகால் தரையில் இருக்க வேண்டும், பாதம் திருப்ப வேண்டும், விரல்கள் நிறுத்த வேண்டும். வேகம் கையில் இருக்கிறது. அந்தக் குமிழை உள்ளே தள்ளினால் எஞ்சின் வேகம் கூடும், வெளியே இழுத்தால் குறையும்.

சாதாரண நேரத்தில் இதை மூன்று நான்கு பாடங்களில் பழகிவிடுவார்கள். பயந்துபோகும் ஒரு நொடியில்தான் பழைய உடம்பு திரும்பி வரும். விமானம் புல்லை நோக்கிப் போகிறது என்று தெரிந்ததும் கைகள் அந்தச் சக்கரத்தை முழுசாகத் திருப்பும். விமானம் நேரே போகும். இன்னும் திருப்புவார்கள். இன்னும் நேரே போகும். தரையில் அந்தச் சக்கரத்துக்கு வேலையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. காற்று பலமாக அடிக்கும்போது அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அதற்கேற்ப அதைத் திருப்பி வைத்து இறக்கை தூக்கப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் குழம்பாமல் என்ன செய்வார்கள்?

அடுத்தது அகலம். மாணவர்கள் அதிகம் ஓட்டும் செஸ்னா 172இன் இறக்கை, நுனிக்கு நுனி 11 மீட்டர். வரிசையாக நிறுத்திய ஆறு மைவி கார்களை விடவும் அகலம். ஓட்டுபவர் உட்கார்ந்திருப்பதோ இடப்பக்க இருக்கையில். வலது நுனி அவர் கண்ணிலிருந்து ஏறத்தாழ 6 மீட்டர் தள்ளி இருக்கிறது. தரையில் மஞ்சள் கோடு இருக்கிறதே, அதன்மேல் போனால் போதாதா என்று கேட்கலாம். கோட்டின்மேல் போக வேண்டியது விமானத்தின் நடு, ஓட்டுபவரின் நடு அல்ல. புதிய மாணவர்கள் கோடு தங்கள் இரண்டு கால்களுக்கும் நடுவே வருமாறு வைத்துக்கொள்வார்கள். அப்போது விமானம் முழுவதும் வலப்பக்கம் தள்ளிப் போய்க்கொண்டிருக்கும். கோடு கொடுக்கும் உத்தரவாதத்துக்கும் ஒரு நிபந்தனை உண்டு. மற்ற விமானங்கள் தங்களுக்கு வரைந்த கட்டத்துக்குள் நிற்கும் வரைக்கும்தான் அது செல்லும்.

மெதுவாகத்தானே போகிறது, அடித்தால் என்ன ஆகிவிடும் என்பார்கள். ஒரு சின்னக் கணக்கு. இரண்டு பேரும் எரிபொருளும் சேர்ந்து விமானம் ஏறத்தாழ 1000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 1.5 மீட்டர், அதாவது நடை வேகம். அதன் இயக்க ஆற்றல் 1125 ஜூல். 10 கிலோ அரிசி மூட்டையை நான்கு மாடி உயரத்திலிருந்து கீழே போட்டால் வரும் ஆற்றல் அது. வேகத்தை 10 நாட் ஆக்கினால், காரில் முள் 18ஐக் காட்டும் வேகம்தான், ஆற்றல் ஏறத்தாழ 12 மடங்காகிவிடும். ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது என்று பள்ளியில் படித்ததுதான். அது முழுவதும் மோதிய இடத்திலேயே செலவாவதில்லை. விமானம் கொஞ்சம் சுழன்று தப்பித்துக்கொள்ளும். ஆனால் மோதல் நடப்பது நுனியில். அங்கிருந்து இறக்கை உடலோடு சேரும் இடம் 5 மீட்டர். இறுகிப்போன நட்டைக் கழற்ற மெக்கானிக் ஸ்பேனரில் நீளமான குழாயைச் செருகுவாரே, அது மாதிரி. நுனியில் விழும் சின்ன அடி, அடியில் இருக்கும் போல்ட்டுகளைப் பெரிதாக முறுக்கும்.

அதனால்தான் இறக்கை நுனியில் ஒரு கீறல் என்று வந்தாலும் நாங்கள் பார்ப்பது நுனியை மட்டுமல்ல. இறக்கை அடியின் மூடிகளைக் கழற்றி, போல்ட் துளைகளையும் பின் தண்டையும் டார்ச் அடித்துப் பார்க்கிறோம். தகட்டில் சுருக்கம் இருக்கிறதா, ஏதாவது ரிவெட்டைச் சுற்றிப் புகை படிந்த மாதிரி கறுப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறோம். தளர்ந்த ரிவெட் ஆடி ஆடித் தேய்த்த அலுமினியப் பொடி அது. மோதியது புரொப்பெல்லராக இருந்தால் கதையே வேறு. லைகமிங் எஞ்சின் என்றால், பட்டது லேசாகத் தெரிந்தாலும், எஞ்சினைப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது அந்த நிறுவனத்தின் சேவை அறிக்கை. நம் கண்ணுக்குத் தெரிவது புரொப்பெல்லர் நுனியில் ஒரு வளைவு மட்டுமே. உள்ளே கிராங்க் தண்டின் பல்சக்கரத்தில் விழுந்த விரிசல் அடுத்த ஐம்பது மணி நேரத்துக்கு ஒன்றும் சொல்லாமல் இருக்கும்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பு. அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13ஆம் பின்னிணைப்புதான் எது விபத்து என்று வரையறுக்கிறது. பறக்கும் நோக்கத்தோடு ஒருவர் விமானத்தில் ஏறியது முதல் எல்லாரும் இறங்கும் வரை நடப்பது கணக்கில் வரும். ஆகவே தரையோட்டமும் உள்ளே வந்துவிடுகிறது. ஆனால் சேதம் புரொப்பெல்லரோடும் இறக்கை நுனியோடும் சக்கரத்தோடும் தகட்டின் சின்ன நசுங்கலோடும் நின்றுவிட்டால் அது விபத்து இல்லை என்று அதே வரையறை விதிவிலக்குத் தருகிறது. நியாயம்தான். உலகத்தில் நசுங்கும் ஒவ்வொரு நுனிக்கும் புலனாய்வுக் குழுவை அனுப்ப முடியாது. ஆனால் அந்த விதிவிலக்கால் இத்தகைய மோதல்கள் ஏறத்தாழ எல்லாமே பள்ளிகளின் சுவர்களுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. அங்கே அது விபத்து இல்லை, அவமானம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு காலை, அன்றைய முதல் பறத்தலுக்கு முந்தைய சோதனையில், எங்கள் மூத்த மெக்கானிக் ஓர் இறக்கை நுனியை விரலால் சுரண்டிக்கொண்டிருந்தார். மலாய்க்காரர், ஓய்வு பெறும் வயது, எல்லாருக்கும் 'பாங்'. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நுனியின் கண்ணாடியிழை மூடியில் விரல் நீளத்துக்கு விரிசல். அதன்மேல் யாரோ லிக்விட் பேப்பர் பூசியிருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் எழுத்துப் பிழையை அழிக்கும் அதே வெள்ளை மை. விமானமும் வெள்ளை என்பதால் நாலடி தள்ளி நின்றால் தெரியாது. முந்தைய நாள் லாக்புக்கில் நான்கு பெயர்கள். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. விமானத்தை நிறுத்தி வைத்து இறக்கையின் அடி வரைக்கும் திறந்து பார்த்தோம். நல்ல வேளை, உள்ளே எதுவும் இல்லை. பாங் அன்று முழுவதும் அதிகம் பேசவில்லை. மாலையில் கைகழுவும்போது மட்டும் சொன்னார்: "இதைப் பூசின பிள்ளை கெட்ட பிள்ளை இல்ல. பயந்த பிள்ளை. ஆனா பயந்த பிள்ளைக்கு அப்புறம் இதுல மூணு பேரு பறந்திருக்கலாம்."

அந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொண்டுதான் அடுத்து நடந்ததைச் சொல்ல வேண்டும்.

சில மாதங்கள் கழித்து ஒரு பிற்பகல், பயிற்றுநரோடு கிளம்பிய மாணவன் ஒருவன், நிறுத்தி வைத்திருந்த இன்னொரு செஸ்னாவின் வாலைத் தன் விமானத்தின் வலது இறக்கை நுனியால் தட்டிவிட்டான். யாருக்கும் காயமில்லை. நுனி உடைந்தது, மற்றதன் சுக்கான் வளைந்தது. மாணவனுக்கு இருபது வயது. அப்பா கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டுகிறார். பயிற்சிக்காக வீட்டை அடகு வைத்திருந்தார்கள். பையன் ஹேங்கர் வாசலில் வந்து நின்றான். முதலில் கேட்டது, "அக்கா, ரிப்பேர் காசு எவ்வளவு ஆகும்?" பிறகு, நான் கேட்காமலேயே: "எனக்குச் சந்தேகமாத்தான் இருந்துச்சு அக்கா. வால் ரொம்பக் கிட்ட இருக்கிற மாதிரி இருந்துச்சு. ஆனா சார் ஒண்ணும் சொல்லல. சார் பக்கம்தானே, அவரு பார்த்திருப்பாருன்னு நினைச்சேன்."

வலப்பக்க இருக்கையில் இருந்த பயிற்றுநர் அந்த நேரத்தில் தொடையில் கட்டியிருந்த பலகையில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் சொன்னதும் ஏறத்தாழ அதே வாக்கியம். பையன் ஒன்றும் சொல்லவில்லை, நிறுத்தவும் இல்லை, அதனால் இடம் இருக்கிறது என்று நினைத்துவிட்டாராம்.

ஒரே விமானியறைக்குள் இரண்டு பேர், நான்கு கண்கள், இரண்டு ஜோடி மிதிகள். ஒருவருடைய மௌனத்தை மற்றவர் அனுமதியாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இது சின்னப் பிள்ளைகளின் பிரச்சினை என்று நினைத்துவிட வேண்டாம். விமான விபத்து வரலாற்றின் ஆகப்பெரிய உயிர்ச்சேதம் தரையில்தான் நடந்தது. 1977 மார்ச் 27, டெனெரிஃபே தீவு, மூடுபனி. கேஎல்எம்மின் போயிங் 747 மேலெழும்ப ஓடிக்கொண்டிருந்தது. பான் ஆம்மின் 747 அதே ஓடுபாதையில் இன்னும் தரையோட்டத்தில் இருந்தது. 583 பேர் இறந்தார்கள். கேஎல்எம் விமானத்தின் தலைமை விமானி மாணவர் அல்ல. அந்த நிறுவனத்தில் 747 பயிற்சிக்கே பொறுப்பாக இருந்தவர். மற்ற விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்ற சந்தேகம் அவருடைய விமானப் பொறியியலாளருக்கு வந்தது, கேட்கவும் கேட்டார். விலகிவிட்டது என்று உறுதியாகப் பதில் வந்ததும் யாரும் மறுபடி கேட்கவில்லை. அதன் பிறகு உலகம் முழுவதும் விமானியறையில் எப்படிப் பேச வேண்டும், மூத்தவரை எப்படிக் குறுக்கிட வேண்டும் என்பதே தனிப் பாடமாக வளர்ந்தது. 1981இல் அமெரிக்கா கொண்டுவந்த விதி, விமான நிறுவனங்களின் விமானியறையில் தேவையற்ற பேச்சும் வேலையும் கூடாத கட்டங்களில் தரையோட்டத்தையும் சேர்த்தது. தனியாக ஓட்டும் விமானிகளும் பயிற்சிப் பள்ளிகளும் தரையோட்டத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்றே அந்நாட்டு விமானத்துறை தனிச் சுற்றறிக்கை வெளியிட்டிருக்கிறது. தரையோட்டம் பறப்பதற்கு முந்தைய காத்திருப்பு அல்ல, அதுவும் பறத்தலின் ஒரு கட்டம் என்பதே இவற்றின் சாரம்.

எல்லா விதிகளையும் விட எளிமையான உண்மை ஒன்று இருக்கிறது. வானத்தில் விமானத்தால் நிற்க முடியாது. ஏறத்தாழ 50 நாட்டுக்குக் கீழே போனால் செஸ்னாவின் இறக்கை அதைத் தாங்காது. மேலே சந்தேகம் வந்தால் சந்தேகத்தோடேயே பறந்துகொண்டுதான் யோசிக்க வேண்டும். தரையில் அப்படியில்லை. குமிழை இழு, இரண்டு பிரேக்கையும் அமுக்கு, நில். யோசி. தேவையென்றால் எஞ்சினை அணை, இறங்கிப் போய்ப் பார். விமானிக்கு இந்த வசதி கிடைக்கும் ஒரே இடம் தரை. அப்படியிருந்தும் மாணவர்கள் நிற்பதில்லை. ஏன் நிற்கவில்லை என்று பல பேரிடம் கேட்டிருக்கிறேன். பின்னால் இன்னொரு விமானம் வந்துகொண்டிருந்தது. கோபுரத்திலிருந்து என்ன ஆச்சு என்று கேட்பார்கள். சார் திட்டுவார். நிமிடக் கணக்கில் காசு ஓடுகிறது. எல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஆனால் அவற்றுக்கு அடியில் இருப்பது வேறு. நின்றால் தெரியாது என்று அர்த்தமாகிவிடும்.

இது எனக்கு அந்நியமான பயம் அல்ல. தமிழ்ப்பள்ளியில் "புரிஞ்சுதா?" என்ற கேள்விக்கு முப்பது குரல்கள் சேர்ந்து "புரிஞ்சுது டீச்சர்" என்று சொன்ன வகுப்பில்தான் நானும் இருந்தேன். பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்தில் அது மூன்று மொழிகளில் தொடர்ந்தது. கைதூக்கிக் கேட்பவன் ஒன்று மக்கு, இல்லையென்றால் திமிர் பிடித்தவன். வீட்டை அடகு வைத்துப் படிக்க வந்த பையனுக்கு இரண்டில் எதுவாகவும் இருக்க வசதி இல்லை.

மறுநாள் பாங்கும் நானும் அளவு நாடாவோடு நிறுத்துமிடத்துக்குப் போனோம். விமானம் கோட்டில் சரியாகப் போயிருந்தால், நின்ற விமானமும் கட்டத்துக்குள் இருந்திருந்தால், நுனிக்கும் வாலுக்கும் நடுவே 120 சென்டிமீட்டர் இருந்திருக்கும். நின்ற விமானம் கட்டத்தை விட்டு 70 சென்டிமீட்டர் வெளியே தள்ளி நின்றது. முந்தைய மாலை யாரோ அவசரத்தில் தள்ளி விட்டுப் போனது. மோதி நின்ற இடத்தில் எங்கள் மாணவனின் மூக்குச் சக்கரம் கோட்டிலிருந்து 55 சென்டிமீட்டர் வலப்பக்கம். இரண்டையும் கூட்டினால் 125. பழைய மஞ்சள் கோடு முழுதாக அழியாமல் புதிய கோட்டுக்குப் பக்கத்திலேயே ஓடியது. மதிய வெயிலில் எது எதென்று எனக்கே சட்டென்று தெரியவில்லை.

படிவத்தில் 'காரணம்' என்ற இடத்துக்கு ஒரு வரிதான் ஒதுக்கியிருந்தார்கள். அதில் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது: மாணவர் போதிய இடைவெளியைப் பேணத் தவறினார். பொய்யில்லை. ஆனால் அது 55 சென்டிமீட்டருக்கான காரணம், 125க்கானது அல்ல. நான் அளவுகளை வரைபடமாக்கி, படங்களோடு தனித்தாளில் இணைத்துக் கையொப்பமிட்டேன். "அதெல்லாம் எதுக்கு? கேஸ் முடிஞ்சது" என்றார்கள். அதே 13ஆம் பின்னிணைப்பில் புலனாய்வின் ஒரே நோக்கம் விபத்தைத் தடுப்பதுதான், பழியையோ பொறுப்பையோ பங்கிடுவது அல்ல என்று எழுதியிருக்கிறது என்று சொன்னேன். இது விபத்தே இல்லையே என்று பதில் வந்தது. வரையறைப்படி அதுவும் சரிதான்.

தாளை எடுத்துப்போடாமல் கோப்பிலேயே விட்டார்கள். மாணவனை இரண்டு வாரம் பறக்கவிடவில்லை. தரையோட்டப் பாடங்களை மறுபடியும் செய்ய வைத்தார்கள். அந்த இரண்டு வாரமும் அறை வாடகையும் சாப்பாடும் அப்பாவின் லோரியிலிருந்துதான் வந்திருக்கும். விமானத்தைக் கட்டத்துக்கு வெளியே விட்டவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னொரு பயந்த பிள்ளை கிடைத்திருப்பான், வேறென்ன? அடுத்த மாதம் பழைய கோட்டைக் கறுப்புச் சாயத்தால் அழித்தார்கள். கட்டங்களின் ஓரத்தில் சக்கரக்கட்டை வைக்கும் இடத்தைச் சிவப்பில் குறித்தார்கள். பயிற்றுநர்களின் முன்விளக்கத்தில் ஒரு வாக்கியம் சேர்ந்தது: சந்தேகம் வந்தால் யார் வேண்டுமானாலும் "நில்" என்று சொல்லலாம், சொன்னால் முதலில் நிறுத்த வேண்டும், கேள்வி பிறகு.

வாக்கியம் எழுதிவிட்டால் பழக்கம் வந்துவிடாது. மூத்தவரைப் பார்த்து "நில்லுங்க சார்" என்று சொல்ல ஒரு பிள்ளைக்கு எத்தனை வருடப் பழக்கத்தைத் தாண்ட வேண்டியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஹேங்கர் கதவிலிருந்து பார்க்கும்போது இப்போதெல்லாம் எப்போதாவது ஒரு விமானம் இணைப்புப்பாதையின் நடுவில் சும்மா நிற்கிறது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே இரண்டு தலைகள் வலப்பக்கம் திரும்பி எதையோ பார்க்கும். பின்னால் வரும் விமானமும் நிற்கும். பழுது போல என்று புதிதாகச் சேர்ந்த மெக்கானிக்குகள் கருவிப்பெட்டியைத் தூக்குவார்கள். பாங் தலையை நிமிர்த்தாமலேயே சொல்வார்: "இரு. பார்க்கிறாங்க. பார்த்துட்டுப் போகட்டும்."